ரெண்டு கோரமண்டல், ஒரே கணக்கு

ஆக்லாந்தில் யாராவது "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் "கோரமண்டல்" என்பேன். "அட, பக்கத்துலதானே!" என்பார்கள். நான் சொல்வது கேஜிஎஃப் கோரமண்டல். அவர்கள் நினைப்பது இங்கே வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீபகற்பத்தை. 1820-ல் மரத்துக்காக வந்த ஒரு பிரிட்டிஷ் கப்பலின் பெயர் அந்த இடத்தோடு ஒட்டிக்கொண்டது. கப்பலுக்குப் பெயர் நம்ம சோழமண்டலக் கரையிலிருந்து போனது. இன்னொரு ஒற்றுமை, ரெண்டு இடத்திலும் தங்கம் எடுத்தார்கள்.

பள்ளிக்கூட புராஜெக்டுக்காக மகள் கேட்டாள்: "அப்பா, தங்கம் லாவாவோட கலந்து வந்துச்சா?" "ஆமாம்மா" என்று அடித்துவிட்டேன். பி.காம் படித்தவனின் தைரியம் :-) ஒரே வாரத்தில் அவளே அதைத் தப்பு என்று திருத்தினாள். வெட்கப்பட்டு உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, அட, இது நம்ம லெட்ஜர் மாதிரியே இருக்கே என்று தோன்றியது.

பாறைக்குழம்பு எல்லாம் ஒரே நேரத்தில் உறைவதில்லை. முதலில் உறைவது ஆலிவின் என்ற பச்சைப் படிகம். அது கனமானது, அடியில் தங்கிவிடும். 100 கிலோ குழம்பில் சிலிக்கா 50 கிலோ, மக்னீசியா 8 கிலோ, பொட்டாஷ் 1 கிலோ என்று ஆரம்ப இருப்பு வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ ஆலிவின் பிரிந்து போனால் அது சுமார் 4 கிலோ சிலிக்காவையும் 4.5 கிலோ மக்னீசியாவையும் எடுத்துக்கொண்டு போகும். மீதி 90 கிலோவில் மக்னீசியா 3.9 சதவீதம், அதாவது பாதிக்கும் கீழே. சிலிக்கா 51 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. பொட்டாஷை யாரும் தொடவில்லை, அதனால் அதன் பங்கும் கூடியது. இப்படி ஒவ்வொரு படிகமாகப் பற்று எழுதிக்கொண்டே போனால், பசால்ட்டாகத் தொடங்கியது ஆண்டிசைட்டாகி, கடைசியில் 70 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா உள்ள ரயோலைட்டாக முடியலாம். போகிற வழியில் சுவர்ப் பாறையையும் கொஞ்சம் கரைத்துச் சேர்த்துக்கொள்ளும். அது வரவு.

நியூசிலாந்து மாதிரி, ஒரு கடல்தட்டு இன்னொரு தட்டின் அடியில் புகும் இடங்களில் தண்ணீரும் கணக்கில் சேருகிறது. புகும் தட்டிலிருந்து கசியும் நீர் மேலிருக்கும் பாறையை எளிதில் உருக வைக்கிறது. அந்த நீர் குழம்பிலும் கரைந்திருக்கும். அது இருந்தால் மேக்னடைட் சீக்கிரமே படிகமாகும், இரும்பும் கணக்கிலிருந்து கழிந்துவிடும். குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து, கோலி சோடாவைத் திறந்த மாதிரி நீர் ஆவியாகப் பிரியும். நீர் போனதும், சூடு குறையாமலேயே படிகங்கள் மளமளவென்று உருவாகும். குழம்பு கெட்டியாகும். ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் வெடிக்கும்.

இந்த ஊர் கோரமண்டலில் ஆண்டிசைட்டும் ரயோலைட்டும் நிறைய. அதாவது கணக்கின் கடைசிப் பக்கங்கள். நம்ம கேஜிஎஃப் பாறை பெரும்பாலும் முதல் பக்கம். சுமார் 270 கோடி வருஷப் பழைய பசால்ட், அதோடு மக்னீசியா மிகுந்த கோமாட்டியைட். பிறகு சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறி ஆம்ஃபிபோலைட் ஆனவை. அந்தப் பட்டைக்குக் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள நைஸ் பாறைகளின் சரித்திரமே வேறு வேறு. 250 கோடி வருஷம் முன்பே தட்டுகள் மோதி ஒட்டியதற்கு அது சாட்சி என்று, ராஜாமணி, பாலகிருஷ்ணன் ஆகியோரும் இருந்த ஒரு ஆய்வுக்குழு 1989-ல் 'சயின்ஸ்' இதழில் வாதிட்டது.

தங்கம்? ரெண்டு ஊரிலும் அது லாவாவோடு கட்டியாக வரவில்லை. பாறை உண்டான பிறகு, வெடிப்புகளில் ஓடிய வெந்நீர் கரைத்துக் கொண்டுவந்து குவார்ட்ஸ் நரம்புகளில் விட்டுப்போனது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், எங்க தாத்தாவும் அப்பாவும் அந்தப் பாறையைத்தான் துளைத்தார்கள். 3 கிலோமீட்டருக்கும் கீழே, சூட்டில், எப்போது ஏர் பிளாஸ்ட் வருமோ என்ற பயத்தில். வீட்டில் தங்கத்தைப் பற்றிப் பேசினோம், வராத பாக்கியைப் பற்றிப் பேசினோம், இருமலைப் பற்றிப் பேசினோம். பாறையைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. 28.2.2001 அன்று சுரங்கத்தை மூடியதும், இருப்பு பூஜ்யம் என்று நாமும் கணக்கை மூடிவிட்டோம். இன்று நம் பிள்ளைகளுக்கு கேஜிஎஃப் என்றால் 2018-ல் வந்த சினிமா.

அந்தக் கணக்கு தப்பு என்பது என் கருத்து. தங்கம் அந்தப் பாறையில் டன்னுக்குச் சில கிராம்தான். மீதி முழுக்க பூமியின் பழைய லெட்ஜர், அது இன்னும் அங்கேயே இருக்கிறது. இங்கே வைஹியில் தங்கச் சுரங்கத்தின் பழைய பம்ப் ஹவுஸைக் காப்பாற்ற, 2006-ல் கட்டடத்தையே சுமார் 300 மீட்டர் நகர்த்தி வைத்தார்கள். நம்ம பக்கத்தில் பெத்தபள்ளியில் எரிமலைச் சிதறல்களும், தண்ணீருக்கடியில் தலையணை மாதிரி உறைந்த லாவாவும் தேசிய புவியியல் சின்னமாகவே அறிவிக்கப்பட்டிருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நான் பார்த்ததில்லை.

இந்த டிசம்பர் லீவில் ஊருக்குப் போகிறவர்கள் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவுக்கும் சயனைடு மேட்டுக்கும் நடுவில் அரை நாள் ஒதுக்குங்கள். பிள்ளைகளைப் பெத்தபள்ளிக்குக் கூட்டிப்போய், "தாத்தா உடைச்ச பாறை இந்தக் குடும்பம்தான்" என்று காட்டுங்கள். நானும் போகிறேன். இந்த முறை விளக்கம் சொல்லப்போவது மகள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வதாக ஒப்பந்தம்.