பெற்றோருக்கு முறை வைக்கலாமா?

தாய் தகப்பனைப் பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்துக்கொள்வது நம்மிடையே பழைய வழக்கம். தர்மபுரியில் மூத்த மகன் வீட்டில் நான்கு மாதம், சென்னையில் மகள் வீட்டில் நான்கு மாதம், பெங்களூருவில் இளைய மகன் வீட்டில் நான்கு மாதம். நினைவு தெளிவாக இருக்கும்வரை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்த்ததாகவும் ஆயிற்று.

ஆனால், டிமென்ஷியா என்னும் மறதி நோய் கண்டவரை இப்படி இடம் மாற்றிக்கொண்டே இருப்பது தீங்காக முடியும். பழகிய வீட்டில் கழிப்பறை எந்தப் பக்கம் என்பது காலுக்கே தெரிந்திருக்கும். புது வீட்டில் அதுவும் போய்விடுகிறது. நள்ளிரவில் எழுந்து, "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று கதவைத் தட்டுகிறார். கண் அசந்தால் வெளியே போய்விடுகிறார்.

சிவாஜி நகரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வழி தவறினால் தமிழில் விசாரிக்க ஆள் கிடைக்கும். பஸ் ஏறி நகரின் மறுகோடிக்குப் போய்விட்டால்? பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவதும் இந்த நோயில் உண்டு. முப்பது ஆண்டு இங்கே உழைத்துக் கன்னடம் சரளமாகப் பேசியவருக்கும் தமிழ் மட்டுமே மிஞ்சக்கூடும். பெயர், விலாசம், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கன்னடத்தில் எழுதிச் சட்டையிலேயே தைத்துவிட வேண்டும். பையில் வைத்தால் துவைக்கும்போது போய்விடும்.

வயதானால் மறதி சகஜம் என்று விட்டுவிடுவதும் தவறு. 2023இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீட்டின்படி, நாட்டில் 60 வயது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் உள்ளது. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை ஆகியவற்றால் வரும் மறதி என்றால் மருந்தில் தணியக்கூடும். நம் நகரிலேயே நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. நினைவைச் சோதிக்கும் கேள்விகளைத் தமிழில் கேட்கும்படி துணைக்குப் போகிறவர் சொல்ல வேண்டும். தெரியாத மொழியில் கேட்டால் தெளிவானவரும் தடுமாறத்தான் செய்வார்.

பெற்றவர் ஒரே வீட்டில் இருக்கட்டும்; முறை பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்பதே நமது கருத்து. அந்த வீடு பெரும்பாலும் ஊர் வீடாகவே இருக்கும். இரவும் பகலும் விழித்திருப்பவள் அங்குள்ள மருமகள். மாதாமாதம் பணம் அனுப்பினால் கடமை தீர்ந்தது என்று இங்குள்ளவர் நினைக்கலாகாது. சனிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறினால் இரவே தர்மபுரி. ஞாயிறன்று அவரே தகப்பனைக் குளிப்பாட்டிச் சோறூட்டினால், அந்தப் பெண் ஒரு நாளாவது தூங்குவாள்.

மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு உண்டு. முதிய பெற்றோரைக் கவனிக்கவும் அதை எடுக்கலாம் என்று 2025 ஜூலையில் மாநிலங்களவையில் அரசு தெரிவித்தது. தினக்கூலிக்குப் போகும் தம்பிக்கு அந்த வசதி கிடையாது. ஆபீசில் இருக்கும் அண்ணன் அவனுடைய நாட்களையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளலாம்.