ஷிப்மெண்ட் தேதியும் கோர்ட் தேதியும்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், ‘ஷிப்மெண்ட் தேதி தவறினா என்னங்க ஆகும்?’ என்று. முகமே பதில் சொல்லிவிடும். கப்பலில் போக வேண்டிய சரக்கைச் சொந்தக் காசில் விமானத்தில் அனுப்பணும். பையர் ஆர்டரை கேன்சல் செய்துவிட்டால், சரக்கு காதர்பேட்டையில் அடிமாட்டு விலைக்குப் போகும். ‘உடம்புக்கு முடியலைங்க’ என்று ஜெர்மனிக்கு ஒரு மெயில் தட்டிப் பாருங்களேன்!

கோர்ட்டுக்கும் தேதி உண்டு. செஷன்ஸ் கோர்ட் தந்த சிறைத் தண்டனையை எதிர்த்து ஹைகோர்ட் போக 60 நாள். தாண்டினால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக ஒரு மனு போடணும். நல்ல ஏற்பாடுதான். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாமல் உள்ளே கிடக்கிறவனுக்கு அந்தக் கதவு அவசியம் வேணும். அதை மூடச் சொல்கிற ஆள் நான் இல்லை.

ஆனால், சரவண பவன் ராஜகோபால் வழக்கை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். ஊழியர் ஒருவரின் மகளைத் தனக்கு மனைவியாக்கிக்கொள்ள, அந்தப் பெண்ணின் கணவரை ஆள் வைத்துக் கடத்திக் கொன்ற வழக்கு. 2001 அக்டோபரில் கொடைக்கானல் மலைக்காட்டில் உடல் கிடைத்தது. 2004-ல் செஷன்ஸ் கோர்ட் 10 ஆண்டு தந்தது. 2009 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட் அதை ஆயுள் தண்டனையாக்கியது. 2019 மார்ச் 29-ல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்து, ஜூலை 7-க்குள் சரணடையச் சொன்னது. எண்ணிப் பாருங்கள், முழுசாக 100 நாள் அவகாசம்!

அது போதவில்லை அண்ணாச்சிக்கு. உடல்நிலையைக் காட்டி மேலும் அவகாசம் கேட்டார். அப்பீல் நடந்தபோது இந்த நோயைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டு, ஜூலை 9-ல் மனுவைத் தள்ளியது சுப்ரீம் கோர்ட். அன்றைக்கே ஆம்புலன்ஸில், ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு வந்து சரணடைந்தார். நாம் எல்லோரும் கைதட்டினோம்.

எதற்குத் தட்டினோம்? 2009-க்கும் 2019-க்கும் நடுவே முழுசாகப் பத்து வருஷம் இருக்கிறதே, அது யார் கணக்கு? அந்தப் பத்து வருஷமும் அப்பீல் சுப்ரீம் கோர்ட்டில்தான் இருந்தது. ஆயுள் தண்டனை பெற்றவர் ஜாமீனில் வெளியே இருந்தார். வெளிநாடுகளில் எல்லாம் கிளை திறந்தது ஹோட்டல். நாமும் க்யூவில் நின்று நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம், நான் உள்பட. புருஷனைப் பறிகொடுத்த பெண் மட்டும் காத்திருந்தார்.

குற்றவாளி லேட்டாக வந்தால் மன்னிப்பு மனு போடணும். கோர்ட்டே லேட் செய்தால் அது யாரிடம் போய் மனு போடும்?

நோய் நடிப்பில்லை என்பதும் சீக்கிரமே தெரிந்தது. ஜூலை 18-ல் ஆஸ்பத்திரியில் ராஜகோபால் இறந்துபோனார். கொலை நடந்து 18 வருஷம் கழித்து, கடைசித் தீர்ப்புக்குப் பின் அவர் கைதியாக இருந்தது ஒன்பதே நாள்.