கொக்குகளை யார் எண்ணுவது?

எமது வன்னிக் கரையோரத்தில் குளிர்காலம் என்றொன்று இல்லை. மாரி ஓய்ந்து, தை மாசிப் பனி கொட்டி, பங்குனி வெயில் ஏறும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில வாரங்களில் கொக்கிளாய்க் களப்பில் பெரிய மாற்றமொன்று நிகழ்கிறது. மழைநீரால் நிரம்பியிருந்த களப்பு வற்ற, ஓரங்களில் சேற்றுத்தரை வெளிவருகிறது. அதிலுள்ள புழுவையும் கூனியையும் தின்று, ஐப்பசி கார்த்திகையில் வந்த பறவைகள் நெடும் பயணத்துக்காக உடலில் கொழுப்பைச் சேர்க்கின்றன.

வளைந்த அலகுடைய உள்ளான் ஒன்றுண்டு. தையில் வெறும் சாம்பல் நிறம். பங்குனி முடிவதற்குள் அதன் மார்பு செங்கல் நிறமாகிவிடும். சைபீரியாவின் வடகோடியில் கூடுகட்டப் புறப்படும் கோலம் அது. வயலில் மாட்டின் பின்னே திரியும் வெண்கொக்கின் தலையும் இக்காலத்தில் மஞ்சள் பூசியதுபோலாகும். இவற்றைக் காணத் தொலைநோக்கி வேண்டாம். 2021இல் மன்னாரில் கருவி பொருத்திவிடப்பட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை சென்றதை ஆய்வாளர் கண்டனர். பறவைகளின் காலக்கணக்கு புதிய செய்தியன்று. எரேமியா இறைவாக்கினரும் நாரையின் காலத்தைச் சாட்சிக்கு அழைத்தவர்தானே.

கொக்கிளாய்க் களப்பு 1951இலேயே பறவைகள் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அயலூர் கொக்குத்தொடுவாயின் பெயரிலேயே கொக்கு இருக்கிறது. ஆயினும் 1984 டிசம்பரில் இவ்வூர்த் தமிழ் மக்கள் துரத்தப்பட்டனர். போர் முடிந்த 2009க்குப் பின்னரே திரும்ப முடிந்தது. இடையில் கால் நூற்றாண்டு. முகாமில் பிறந்த பிள்ளைக்கு எந்தப் பறவை எப்போது வரும், அது வந்தால் எந்தப் பக்கம் மீன்படும் என்று சொல்லிக்கொடுக்க அங்கே களப்பு இருக்கவில்லை. வீடும் காணியும் இழந்தோம் என்று எழுதுகிறோம். இந்த இழப்பை எவரும் எழுதுவதில்லை.

“தொழிலுக்கே வழியில்லை, கொக்கு எண்ணவா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சரணாலயம் என்ற சொல்லைக் கேட்டாலே, காணிக்குள் எல்லைக்கல் நட வருகிறார்கள் என்று மக்கள் அஞ்சுவதிலும் காரணம் உண்டு. ஆனால் நான் எண்ணச் சொல்வதும் அதனால்தான். களப்புக்குத் தெற்கே புல்மோட்டையில் கனிய மணல் அகழ்வு நடக்கிறது; களப்பின் குறுக்கே பாலம் என்ற பேச்சும் நெடுங்காலமாக உண்டு. பெரிய திட்டமொன்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வெளியிடப்பட்டால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. அந்த 30 நாட்களுக்குள் பறவைக் கணக்கைத் தேடிப் பிடிக்க முடியாது. இரண்டு மூன்று வருடக் குறிப்பு கையிலிருந்தால், களப்பை அறிந்தவர்களாகப் பேசலாம்; இல்லாவிட்டால் வெளியூர் நிபுணரின் பட்டியலே கடைசிச் சொல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தவக்கால வெள்ளிகளில் இறைச்சி தொடாத சில வீடுகளில் உள்ளான் மட்டும் இறைச்சிக் கணக்கில் சேர்வதில்லைப் போலும்! தூரப் பயணத்துக்குக் கொழுத்த பறவையைப் பொறிவைத்துப் பிடிப்பது சரணாலயத்தில் சட்டப்படியும் குற்றம்.

ஆகவே பங்கு இளைஞர் மன்றங்கள் இந்த மாசியிலேயே தொடங்கட்டும். ஒரு கொப்பி போதும். கிழமைக்கொரு முறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்று எண்ண வேண்டும். பெயர் தெரியாவிட்டால் நிறமும் அலகின் வடிவமும் எழுதினாலாகும். கூடவே வயதான ஒரு தொழிலாளியை அழைத்துச் செல்லுங்கள். ஊர்ப்பெயர்கள் அவரிடம்தான் இருக்கின்றன. தொடுவாய் அன்று திறந்திருந்ததா, மணல் மூடியிருந்ததா என்பதையும் அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.