தலைவர்கள் கண்டுபிடிக்காத பாக்கெட்

2025 ஜூலையில், இந்துஸ்தான் யூனிலீவரின் அடுத்த தலைவர் பிரியா நாயர் என்று அறிவிப்பு வந்தது. மறுநாளே அந்தக் கம்பெனியின் பங்கு விலை எகிறியது. இடைப்பட்ட ஒரு ராத்திரியில் அவர்கள் புதிதாக ஒரு சோப்புக்கட்டிகூடச் செய்யவில்லை. ஒரு பெண் அந்த நாற்காலிக்கு வருவது அங்கே அதுதான் முதல் முறை. அதில் எனக்குச் சந்தோஷமே. என் வழக்கெல்லாம் பங்கு விலையை ஏற்றிவிட்ட நம்பிக்கையோடுதான். சோப்பு, ஷாம்பு, பற்பசை விற்கும் பெரிய கம்பெனிகளில் புதுமை உச்சியில் பிறக்கிறது, உச்சியில் நல்ல தலைவர் உட்கார்ந்தால் அது பெருகிக் கீழே இறங்கி வரும், நாமெல்லாம் கை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் என்கிற நம்பிக்கை. மேலாண்மைக் கல்லூரிகளில் இதைப் பாடமாகவே நடத்துகிறார்கள். கல்லூரி விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினரும் ‘தொலைநோக்கு’ என்ற சொல்லை நாலு தடவை சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை.

இந்த நம்பிக்கையைப் பெரியதாழையில் ஒரு மளிகைக் கடை வாசலில் நின்று உரசிப் பார்க்கலாம். தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்குக் கோடி. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் தேரிக்காட்டுச் செம்மணல். கரைக்கு வள்ளங்கள் வந்து, மீன் ஏலம் போய், பங்கு பிரித்துக் காசு கைக்கு வந்தபின்தான் கடையில் ஆள் கூடும். பாடு நன்றாக இருந்த நாளில் எண்ணெய், சோப்பு, பிள்ளைக்குப் பிஸ்கெட் எல்லாம் போகும். பாடு இல்லாத நாளில் கடன் நோட்டுதான் திறக்கும். கடையின் முன்பக்கம் உத்தரத்திலிருந்து ஷாம்புச் சரங்கள் தொங்குகின்றன. "ரெண்டு கிழிச்சுத் தாங்க அண்ணாச்சி" என்று கேட்டால், அவர் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி, துளையிட்ட கோட்டில் வெடுக்கென்று கிழித்துக் கொடுக்கிறார். இந்த வீடுகளுக்கு மாதச் சம்பளம் கிடையாது. அதனால் மாதத்துக்கான புட்டியும் கிடையாது. அன்றைய காசுக்கு அன்றைய தலைக்குளியல்.

இந்தியாவின் நுகர்பொருள் வணிகத்தை அடியோடு புரட்டிப் போட்டது அந்தச் சரம். அதைக் கண்டுபிடித்தவர் யார்? மும்பையில் இல்லை, லண்டனில் இல்லை. கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். பவுடர், எப்சம் உப்பு மாதிரியான சரக்கைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி விற்றுவந்தவர். வசதிப்பட்டவர்கள் வாங்குவதைக் கூலிக்காரரும் ரிக்‌ஷா ஓட்டுபவரும் வாங்க முடிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1970களில் ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைக்கும் யோசனை அவருடையது. அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் அதை ‘வெல்வெட்’ என்ற பெயரில் ஊரெங்கும் கொண்டுபோனார்கள். பிள்ளைகளில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் தனியே பிரிந்து, 1983இல் 15,000 ரூபாய் முதலோடு ‘சிக்’ ஷாம்பு போட்டார். அதுதான் இன்றைய கெவின்கேர்.

அன்றைக்கு ஆய்வகமும் விஞ்ஞானிகளும் விளம்பரப் பணமும் வைத்திருந்த பெரிய கம்பெனிகள் ஷாம்புவைப் புட்டியில் அடைத்து, நகரத்துக் குளியலறையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன. பாக்கெட் ஓடத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் பின்னால் வந்தார்கள். கடைசியில், கோயம்புத்தூரில் பிறந்த பேராசிரியர் சி.கே.பிரகலாத் 2004இல் எழுதிய புத்தகம், ஏழைகளின் சந்தையைப் பெரிய நிறுவனங்கள் எப்படிப் பிடிக்கலாம் என்று உலகத்துக்கே பாடம் சொன்னது. சில்லறைப் பாக்கெட் அந்தப் பாடத்தில் ஒரு பகுதி. கடலூரில் கட்டிய பொட்டலம் உலகம் சுற்றி, பெரிய கம்பெனியின் சாமர்த்தியமாகத் திரும்பி வந்தது.

ஒரே ஒரு ஷாம்புவை வைத்துக்கொண்டு ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சலவைத்தூளை எடுத்துக்கொள்ளுங்கள். அகமதாபாத்தில் குஜராத் அரசாங்க வேதியியலாளராக இருந்த கர்சன்பாய் படேல் 1969இல் வீட்டில் கலந்து சைக்கிளில் விற்றதுதான் நிர்மா. அதற்குப் பதிலடியாக இந்துஸ்தான் லீவர் (இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர்தான்) தன் ‘வீல்’ தூளை முழுவீச்சில் இறக்குவதற்குள் 1980களின் பிற்பகுதி வந்துவிட்டது. வெள்ளைத்துணிக்கு நீலம் போடுவதும் அப்படித்தான். பொடி நீலம் சரியாகக் கரையாமல் சட்டையில் திட்டுத் திட்டாக ஒட்டிய காலத்தில், பெரிய கம்பெனிகளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. கேரளத்து எம்.பி.ராமச்சந்திரன் 1983இல் 5,000 ரூபாயோடு ‘உஜாலா’ சொட்டுநீலம் கொண்டுவந்தார். ஜெர்மனியின் ஹென்கெல், நம் தூத்துக்குடி உர ஆலையால் பேர்பெற்ற ஸ்பிக் குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய இந்தியக் கம்பெனி ஒன்று இருந்தது. 2011இல் அதை விலைக்கு வாங்கியது அதே சொட்டுநீலக்காரரின் ஜோதி நிறுவனம்.

அப்படியானால் பெரிய கம்பெனித் தலைவர்கள் என்னதான் செய்கிறார்கள்? வாங்குகிறார்கள். இந்துலேகா எண்ணெய் கேரளத்தில் பிறந்தது. 2015 கடைசியில் 330 கோடி ரூபாய்க்கு அதை வாங்க இந்துஸ்தான் யூனிலீவர் ஒப்பந்தம் போட்டது. ஜெய்ப்பூரில் இருவர் தொடங்கிய ‘மினிமலிஸ்ட்’ முகப்பூச்சுக் கம்பெனி 2025இல் அவர்கள் பக்கம் போனது. வாங்குவது குற்றமில்லை. ஆனால் வாங்கியவரைப் படைத்தவர் என்று கொண்டாடுவது எந்த ஊர் நியாயம்? வாங்கியதை வைத்துக் காப்பாற்றும் வித்தையும் எல்லா நேரமும் கைகூடுவதில்லை. அமெரிக்காவில் 2016இல் சுமார் 100 கோடி டாலர் கொடுத்து ‘டாலர் ஷேவ் கிளப்’பை வாங்கிய யூனிலீவர், 2023இல் அதன் பெரும்பங்கை விற்றுவிட்டது. 1993இல் தம்ஸ் அப்பை வாங்கிய கோகோ கோலாவோ முதலில் அதை ஓரங்கட்டிவிட்டுத் தன் சொந்தப் பானத்தைத்தான் முன்னே தள்ளியது. குடிக்கிறவர்கள் விடவில்லை, தம்ஸ் அப் பிழைத்தது. அங்கே தொலைநோக்கு யாரிடம் இருந்தது, நாற்காலியிடமா நாக்கிடமா?

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. பெரிய கம்பெனியும் சில சமயம் உண்மையாகவே புதிதாகச் செய்யும். ‘ப்யூர்இட்’ அப்படிப்பட்டது. குழாயும் மின்சாரமும் இல்லாமலே குடிநீரில் கிருமி கொல்லும் வடிகட்டி. இந்துஸ்தான் லீவரின் சொந்த ஆராய்ச்சி, 2004இல் சென்னையில் அறிமுகமானது. தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு காத்துக் கிடக்கும் நம் கடற்கரைக்கு, அவர்கள் விற்ற எல்லாவற்றிலும் அதுதான் பொருள்பட்ட சரக்கு என்பேன். (உப்பை எடுக்காது, சரிதான், கிருமியையாவது எடுத்தது.) இருபது வருஷம் கழித்து, 2024 ஜூலையில், அதை ஏ.ஓ.ஸ்மித் நிறுவனத்துக்கு 601 கோடி ரூபாய்க்கு விற்க முடிவெடுத்தார்கள். மற்றவர்கள் கண்டுபிடித்ததை விலைக்கு வாங்குவதும், தான் கண்டுபிடித்ததைக் கைகழுவுவதும்தான் தலைமை என்றால், அந்தச் சொல்லுக்கு இவ்வளவு மாலை மரியாதை எதற்கு?

கிராமக் கடை வரைக்கும் சரக்கைக் கொண்டுசேர்ப்பது அவர்களுடைய உண்மையான பலம், அதை ஒப்புக்கொள்கிறேன். சரக்கு இறக்கும் லைன் வண்டி வாரம் தவறாமல் வருகிறது. பெரியதாழை அண்ணாச்சிக்கு அடுத்த சரம் எப்போது வேண்டும் என்று விற்பனைப் பையனின் கைபேசிக்குத் தெரியும். ஆனால் வண்டி ஓட்டுவதைப் புதுமை என்று பெயர் மாற்றி விற்கும்போதுதான் கோபம் வருகிறது. பக்கத்து உடன்குடியில் பனையேறி, பதனீர் இறக்கி, கருப்பட்டி காய்ச்சுகிறவர்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வங்கிக்குப் போனால் அவர்களிடம் ‘மேலாண்மைத் திறன்’ இல்லை என்பார்கள். கடலூர்க்காரரையும் அன்றைக்கு யாரும் தொலைநோக்காளர் என்று அழைத்திருக்க மாட்டார்கள். புதுமை உச்சியில்தான் பிறக்கிறது என்கிற நம்பிக்கை செய்யும் உண்மையான கெடுதல் இதுதான். பணமும் மரியாதையும் ஏற்கெனவே இருக்கிற இடத்துக்கே மறுபடியும் போய்ச் சேருகின்றன.

பெரிய தலைமை மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று பெரியதாழை மணலிலேயே கிடக்கிறது. கிழித்துப் பிழிந்து எறிந்த பாக்கெட்டுகள். பிளாஸ்டிக்கும் உலோகத் தாளும் அடுக்கடுக்காக ஒட்டியவை. பழைய இரும்புக் கடைக்காரர்கூடத் தொட மாட்டார், எடையும் இல்லை, பிரிக்கவும் முடியாது. மழை வந்தால் ஓடையோடு கடலுக்குப் போகும், பிறகு வலை மடியில் மீனோடு வரும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபோது, அண்ணாச்சியின் கேரிபேக் குற்றமானது. கம்பெனிகள் ஆலையில் அடைத்து அனுப்பும் உறைக்கு விலக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு விலக்கு நீக்கப்பட்டது, சரங்கள் அப்படியே தொங்குகின்றன. இந்தியா, பிலிப்பைன்ஸ், இலங்கை ஆகிய நாடுகளில் இந்தப் பாக்கெட்டுகளுக்கு எதிரான கட்டுப்பாடுகளைத் தடுக்க யூனிலீவர் திரைமறைவில் முயன்றதாக 2022இல் ராய்ட்டர்ஸ் விரிவாக எழுதியது. இன்னொரு பக்கம், விற்கும் பிளாஸ்டிக் எடைக்கு மேலேயே திரட்டிவிடுகிறோம் என்பது இந்திய நிறுவனத்தின் கணக்கு. எடைக்கு எடை கணக்குத் தீரலாம், கரையில் கிடக்கிற பாக்கெட் அதனால் நகராது.

இவ்வளவு சின்னதைத் திரும்பச் சேகரிக்க முடியாது என்று கம்பெனிகள் சொன்னால் அது பொய். 1980களில் ‘சிக்’ ஒரு திட்டம் போட்டது: எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டானாலும் ஐந்தைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் ஷாம்பு இலவசம். பிறகு சிக் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். போட்டிக்காரனின் வாடிக்கையாளரை இழுக்கத்தான் போட்டார்கள், கடலைக் காப்பாற்ற அல்ல. ஆனாலும் காலி பாக்கெட்டுகள் குப்பையிலிருந்து பொறுக்கப்பட்டுக் கடைக்குத் திரும்பி வந்தன. கம்ப்யூட்டர் கிடையாது, கைபேசி கிடையாது, பெரிய முதலும் கிடையாது. இன்றைக்கு அதைப் பெரியதாழையில் நடத்த புது ஆய்வகம் ஒன்றும் வேண்டாம். அண்ணாச்சி கடையில் ஒரு சாக்கு தொங்கவிட இடம் இருக்கிறது. எண்ணிக் கொடுக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாராவாரம் சரக்கோடு வருகிற லைன் வண்டி, இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத்தான் திரும்பிப் போகிறது.