பத்து ரூபாய் லைட்டரும் இருபது தீப்பெட்டியும்

மும்பையில் பான் கடைக்குப் போய் நெருப்புக் கேட்பவருக்கு முன்பெல்லாம் தீப்பெட்டி ஒன்றுதான் கிடைத்தது. சில ஆண்டுகளாக அதன் பக்கத்திலேயே பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டரும் வந்து உட்கார்ந்துகொண்டது. வாங்குகிறவருக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் கோவில்பட்டி, கழுகுமலை, சாத்தூர், சிவகாசி, குடியாத்தம் வட்டாரங்களில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்களுக்கு இது வாரக் கூலிப் பிரச்னை. இந்நகரில் ஆலையிலும் அலுவலகத்திலும் கடையிலும் உழைக்கும் தென்மாவட்டத் தமிழர்கள் பலருக்கு அந்தப் பெண்கள் அந்நியர் அல்லர். அக்காள், அத்தை, மதினி முறை உள்ளவர்கள்.

ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டிகளின் வேலையைச் செய்துவிடுகிறது என்பது தீப்பெட்டி உற்பத்தியாளர்களின் கணக்கு. 2022 செப்டம்பரில் தமிழக முதல்வர் மத்திய அரசுக்கு எழுதிய கடிதத்திலும் இக்கணக்கு எடுத்துக்காட்டப்பட்டது. இதன்படி ஒரு லட்சம் லைட்டர் விற்றால் 20 லட்சம் தீப்பெட்டி விற்காமல் போகும். பண்டலுக்கு 600 பெட்டி வீதம் அது 3,333 பண்டல். ஒவ்வொரு பண்டலுக்குப் பின்னாலும் கட்டை அடுக்குகிறவர், பெட்டியில் குச்சி அடைக்கிறவர், லேபிள் ஒட்டுகிறவர், பண்டல் போடுகிறவர் என்று பல கைகள் இருக்கின்றன. மழையை நம்பிய கரிசல் பூமியில், விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் அடுப்பெரிய வைத்த தொழில் இது.

சுவர் எழுப்பிய கதை

இந்தத் தொழில் பிறந்த விதத்தைப் பார்த்தால் இன்றைய சிக்கல் நன்கு விளங்கும். முன்பு இந்தியாவுக்குத் தீப்பெட்டி ஜப்பானிலிருந்தும் சுவீடனிலிருந்தும் வந்தது. 1922ல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு குரோஸ் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் வரி போடப்பட்டது. வெள்ளையர் அரசு கஜானாவை நிரப்பப் போட்ட வரிதான் அது. ஆனால் அதன் நிழலில் உள்நாட்டுத் தொழில் முளைத்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று, 1923ல் ஊர் திரும்பித் தீப்பெட்டி செய்யத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்.

அதே 1923ல் மற்றொன்றும் நடந்தது. வரிச் சுவரைக் கண்ட சுவீடன் கம்பெனி பின்வாங்கவில்லை. சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. விம்கோ என்று பெயர் பெற்ற வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியைத் தொடங்கி, கல்யாணுக்கு அப்பால் உள்ள அம்பர்நாத்திலும் வேறு இடங்களிலும் ஆலைகள் அமைத்தது. லாபம் வெளிநாட்டுக்குப் போனாலும் கூலி இந்தியத் தொழிலாளிக்குக் கிடைத்தது. இயந்திரத்தோடு போட்டியிட முடியாத கைத்தொழிலைக் காக்க, ஆலைத் தீப்பெட்டிக்குக் கூடுதல் வரி, கையால் செய்யும் தீப்பெட்டிக்குக் குறைந்த வரி என்ற ஏற்பாடு பல்லாண்டுகள் இருந்தது. சிவகாசியும் கோவில்பட்டியும் நிலைத்து நின்றதில் மக்களின் சுதேசிப் பற்றைவிட இந்த ஏற்பாட்டின் பங்கு அதிகம்.

2017ல் சரக்கு, சேவை வரி வந்தபோதும் கைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 சதவீதம் என்று வேறுபாடு காட்டப்பட்டது. 2020 ஏப்ரலில் அது எடுக்கப்பட்டு எல்லாவற்றுக்கும் ஒரே சீராக 12 சதவீதம் ஆக்கப்பட்டது. கையால் செய்வோருக்கு இது பாரமாக இருந்தது.

தடையும் சந்தும்

உற்பத்தியாளர்கள் தொடர்ந்து முறையிட்டதன் பேரில், 20 ரூபாய்க்குக் குறைந்த இறக்குமதி மதிப்புள்ள சிகரெட் லைட்டர்களை மத்திய அரசு 2023 ஜூன் 29ல் தடை செய்தது. அத்துடன் பிரச்னை தீர்ந்துவிடவில்லை. முழு லைட்டருக்குப் பதில் உறுப்புகள் தனித்தனியே வந்தன. இங்கே பூட்டப்பட்டு லைட்டராக விற்பனைக்குப் போயின. 2024 அக்டோபரில் உறுப்புகளின் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் வாங்குவோர் கவனிக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உள்நாட்டுப் பொருள் என்பது எது? மேலே ஒட்டிய சீட்டை வைத்துச் சொல்வதா, அதற்குள் இருக்கும் உழைப்பை வைத்துச் சொல்வதா? சுவீடன்காரரின் அம்பர்நாத் தீப்பெட்டியில் இந்தியத் தொழிலாளியின் உழைப்பு நிறைய இருந்தது. வந்த உறுப்புகளை இங்கே பூட்டி முடித்த லைட்டரில் அது சொற்பம். முதலாளி எந்த நாட்டவர் என்பதோடு, வேலை எந்த ஊரில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு

லைட்டர் வாங்குகிறவரைத் தேசத் துரோகி என்று ஏசுவதில் அர்த்தமில்லை. தீப்பெட்டி விலை 14 ஆண்டுகளுக்குப் பிறகு 2021 டிசம்பர் 1 முதல் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாயிற்று. இருபது பெட்டிக்கு 40 ரூபாய்; லைட்டருக்குப் பத்து. மாதச் சம்பளத்தில் ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டிய தொழிலாளிக்கு 30 ரூபாய் மிச்சம் என்பது மிச்சம்தான். மும்பை மழையில் நமத்துப்போன குச்சியை நாலு முறை உரசிப் பார்த்தவருக்கு லைட்டரின் வசதியும் தெரியும்.

தீப்பெட்டியின் விற்பனை குறைந்ததற்கு லைட்டர் மட்டுமே காரணமும் அன்று. மண்ணெண்ணெய் அடுப்பு போய் எரிவாயு வந்தது. அதற்கென்று பொறி தட்டும் கருவியும் வந்தது. மின்விளக்கு எட்டாத வீடு குறைந்துவிட்டது. இறக்குமதியை நாளையே அடியோடு நிறுத்தினாலும் பழைய விற்பனை அப்படியே திரும்பிவிடாது.

இன்னொன்றையும் மறைக்க முடியாது. உள்நாட்டுப் பொருளை வாங்கினாலே உள்நாட்டுத் தொழிலாளி வாழ்ந்துவிடுவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதே சிவகாசி வட்டாரத்தில் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் போக வேண்டிய சிறுவர் சிறுமியர் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போனார்கள். 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் அது ஓயவில்லை. சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்து, சட்டத்தை மீறிச் சிறுவரை வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் செலுத்த வேண்டும் என்றது. அன்று விற்றதும் சுதேசித் தீப்பெட்டிதான்.

ஆகவே இரண்டு ரூபாய் கொடுத்துத் தீப்பெட்டி வாங்குகிறவருக்கு ஓர் உரிமையும் சேர்ந்தே வருகிறது. விலை இரட்டிப்பானபோது, மூலப்பொருள்களின் விலை ஏறியதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அந்த இரண்டாவது ரூபாயில் பெட்டி அடைக்கிறவரின் கூலிக்கு எத்தனை காசு போய்ச் சேர்ந்தது, சேமநிதியும் மருத்துவ வசதியும் அவருக்கு உண்டா என்று அவர் கேட்கலாம். தடை வேண்டி டில்லிக்குப் போகும் உற்பத்தியாளர் சங்கங்கள் இக்கேள்விக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவை.

தடையைச் சந்துபொந்தில்லாமல் நடத்துவது அரசின் பொறுப்பு. பில் இல்லாமல் வரும் சரக்கை வாங்க மறுப்பது கடைக்காரர்களின் பொறுப்பு. இந்நகரில் கடை வைத்திருக்கும் தமிழர்கள் இதில் முன்கை எடுக்கலாம். சுவாமி விளக்குக்கும் அடுப்புக்கும் கொசுவத்திக்கும் நெருப்பு வேண்டியவர்கள் தீப்பெட்டியையே கேட்டு வாங்கினால், ஒரு வீட்டுக்கு மாதத்தில் சில ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவாகாது. ஊரில் இருப்பவருக்கோ அது ஒரு நாள் வேலை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.