இதயம் தேறியது... சிறுநீரகம்?

ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் என்று எது முடிந்து வீடு திரும்பினாலும் நம் குடும்பங்களில் பேச்செல்லாம் நெஞ்சைப் பற்றித்தான். "எத்தனை அடைப்பு? எத்தனை ஸ்டென்ட்?" என்று விசாரிப்பார்கள். "கிரியேட்டினின் எவ்வளவு ஏறிச்சு?" என்று கேட்க ஒருத்தரும் இல்லை. நான் கேட்டால், 'சித்த வைத்தியருக்கு எதுக்கு இதெல்லாம்?' என்பது போல ஒரு பார்வை! நாடி பார்க்கிற கை லேப் ரிப்போர்ட்டையும் புரட்டத்தான் வேண்டும்.

இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஆபரேஷனில் ரத்த அழுத்தம் இறங்கினாலோ, ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாய மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டாலோ சிறுநீரகம் அடிபடலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் அபாயம் கூடுதல். 48 மணி நேரத்தில் கிரியேட்டினின் 0.3 கூடினாலே அது பாதிப்பு என்கிறது 2012-ல் வந்த சர்வதேச வரையறை. 1.0 இருந்தது 1.3 ஆனால் சில லேப்களில் 'நார்மல்' என்றே அச்சாகி வரும்!

பெரும்பாலோருக்குச் சில நாட்களில் எண் இறங்கிவிடும். "இறங்கிடுச்சு, கவலை விட்டது" என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள். மூடக் கூடாது என்பதுதான் என் கட்சி.

கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் 2004 முதல் 2006 வரை ஆஞ்சியோ செய்துகொண்ட 14,782 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். சிறுநீரகம் லேசாக அடிபட்டவர்களுக்கே, அடிபடாதவர்களைவிட இறப்பு அபாயம் 2 மடங்கு. டயாலிசிஸ் வரை போகும் அபாயம் 4 மடங்கு. அதைவிடப் பலமாக அடிபட்டவர்களுக்கு டயாலிசிஸ் அபாயம் 11 மடங்குக்கும் மேல். மடங்கு என்றதும் மிரள வேண்டாம். டயாலிசிஸ் வரை போகிறவர்கள் மொத்தத்தில் குறைவுதான். இதற்குப் பயந்து அவசியமான ஆஞ்சியோவைத் தள்ளிப்போடுவது பெரிய தப்பு.

எண் இறங்கிய பிறகும் ஏன் இப்படி? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. சில செத்துப்போனால் மிச்சமிருப்பவை அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்யும். கூட்டுக் குடும்பத்தில் ரெண்டு பேர் படுத்துவிட்டால் மற்றவர்கள் சமாளிப்பது போல. வெளியே தெரியாது, வருஷக்கணக்கில் அவையும் தேயும். இன்னொரு சங்கதி: கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. பைபாஸுக்குப் பிறகு உடம்பு இளைத்த பெரியவருக்கு, சிறுநீரகம் தேறாமலே எண் குறைவாகக் காட்டும்.

ஆகவே, எண் எவ்வளவு ஏறியது, எவ்வளவில் இறங்கியது என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் கட்டாயம் எழுத வேண்டும். எழுதவில்லையா? கேட்டு வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி கிரியேட்டினின் பார்க்க வேண்டும். சிறுநீரில் ஆல்புமின் போகிறதா என்றும் பாருங்கள். செலவு பெரிதில்லை.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். "கிட்னியைக் கழுவ ஏதாவது குடுங்க" என்று வருகிறார்கள். நெருஞ்சில், சிறுபீளை, வாழைத்தண்டு எல்லாம் நானும் கொடுப்பவன்தான். ஆனால் அடிபட்ட சிறுநீரகம் பாத்திரம் இல்லை, தேய்த்துக் கழுவ! நீர் பெருக்கும் கஷாயம் பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம்; ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். யாரோ பொட்டலம் கட்டிக் கொடுத்த பற்பம், செந்தூரம் வேண்டவே வேண்டாம். இந்துப்பும் உப்புதான், அதில் சலுகை கிடையாது.

மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐப்யூப்ரூஃபனும் இதே கணக்கு. அடுத்த முறை சாய மருந்து ஏற்றும் ஸ்கேன் எதற்கானாலும், பழைய கிரியேட்டினின் சீட்டைக் கையோடு கொண்டுபோய் முதலில் காட்டுங்கள்.