தாத்தா கொண்டுவந்த கொடி, விலை 45,000

போனஸ் பணத்தை என்ன பண்ணலாம்னு போன வீடியோவுல பேசினோம் இல்லையா? அதைப் பார்த்துட்டு ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில வேலை பார்க்குற தம்பி ஒருத்தர் போட்டோ அனுப்பினார். மூவர்ணக் கொடி, நடுவுல பாயும் புலி, மேல 'ஆசாத்', கீழ 'ஹிந்த்'. "ஐஎன்ஏ கொடி அண்ணா. பர்மாவுல சண்டை போட்ட ஒரு தாத்தாவோடதாம். 45,000 சொல்றாங்க. அஞ்சு வருஷத்துல மூணு மடங்கு ஆகுமாம். 3,000 அட்வான்ஸ் கொடுத்துட்டேன்."

மீதி 42,000-ஐ கொடுக்காதீங்கன்னு உடனே சொல்லிட்டேன். ஏன்னு இங்க எழுதுறேன்.

இந்த மாதிரி கதை நம்ம பக்கம் சுலபமா விலை போகும். வேலூர் மாவட்டத்துல கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டைன்னே பேர். 1947-ல செங்கோட்டையில ஏறின கொடி எங்க ஊர்ல தயாரானதுன்னு குடியாத்தத்துக்காரங்க இன்னைக்கும் பெருமையா சொல்வாங்க. கொடியும் பட்டாளமும் நம்ம வீட்டுக் கதை. அதனால விக்கிறவர் பாதி சொன்னாலே மீதியை நாமளே நம்பிடுறோம்.

முதல்ல கொடியில என்ன இருக்குன்னு பாருங்க. புலியும் அந்த எழுத்தும் இருக்குற கொடி, ஜெர்மனியில இருந்த சுதந்திர இந்தியப் படையணியோடது. வட ஆப்பிரிக்காவுல பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள்தான் அதுல நிறைய பேர். 1943 அக்டோபர் 21-ல சிங்கப்பூர்ல நேதாஜி அறிவிச்ச ஆசாத் ஹிந்த் அரசு பக்கம் பெரும்பாலும் பறந்தது ராட்டை போட்ட மூவர்ணம். அப்போ பர்மா தாத்தா கைக்கு ஜெர்மனிக் கொடி எப்படி வந்துச்சு? வந்திருக்கவே முடியாதுன்னு நான் சொல்லல. ஆனா அதுக்கு விக்கிறவர்கிட்ட ஒரு பதில் இருக்கணும். அசோகச் சக்கரம் போட்ட 'போர்க்காலக் கொடி'யை யாராவது நீட்டினா, கேள்வியே வேண்டாம். சக்கரம் உள்ள கொடியை அரசியல் நிர்ணய சபை ஏத்துக்கிட்டதே 1947 ஜூலை 22-லதான்.

அடுத்தது நூல். இது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டிய விஷயமே இல்ல. தோலா ரெக்சினான்னு வெட்டுன ஓரத்தைப் பார்த்து, மோந்து பார்த்து, ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்துச் சொல்ற ஊரு இது. அதையே இங்கேயும் பண்ணுங்க. தையல்ல தொங்குற ஒரு நூலை, விக்கிறவர் சம்மதத்தோட, எடுத்துக் கொளுத்துங்க. பருத்தின்னா காகிதம் எரியுற வாசனை வரும், சாம்பலாகும். பட்டுன்னா முடி கருகுற நாத்தம். உருகி உருண்டையா கெட்டியாச்சுன்னா அது பாலியஸ்டர். பாலியஸ்டர் கண்டுபிடிச்சதே 1941-ல, கடைக்கு வந்தது போர் முடிஞ்சு சில வருஷம் கழிச்சு. பின்னாடி யாராவது ஒட்டுப் போட்டிருக்கலாம், அதனால ரெண்டு மூணு இடத்துல பார்க்கணும்.

இருட்டு ரூம்ல புற ஊதா டார்ச் அடிச்சும் பாருங்க. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இப்போ வர்ற வெள்ளைத் துணியில சேர்க்குற பளபளப்பு ரசாயனம் நீலமா ஒளிரும். ஆனா பழைய துணியை இன்னைக்கு வர்ற சோப்புத்தூள்ல துவைச்சிருந்தாலும் ஒளிரும், அதனால இதை மட்டும் வெச்சு முடிவு கட்டாதீங்க. கறை, கிழிசல், மஞ்சள் நிறம் இதையெல்லாம் நான் சாட்சியாவே எடுத்துக்க மாட்டேன். டீத்தண்ணியில முக்கி வெயில்ல போட்டா ஒரே நாள்ல எழுபது வயசு கூடிடும்.

இணையத்துல அதிகமா விக்கிறது ஜப்பானியச் சிப்பாய்களோட கொடி. சிவப்பு வட்டத்தைச் சுத்தி சொந்தக்காரங்க, ஊர்க்காரங்க கையெழுத்து இருக்கும். அதுல பலதுக்கும் கயிறு கட்டுற மூலையில சின்னத் தோல் துண்டு வெச்சுத் தைச்சிருப்பாங்க. அதைப் பார்த்துச் சொல்ல ஆம்பூர்காரரை விட யாரு இருக்கா! ஆனா அசலா இருந்தாலும் எனக்கு அதுல மனசு வரல. செத்துப்போன ஒருத்தரோட பேர் அதுல இருக்கு. அமெரிக்காவுல ஓபான் சொசைட்டின்னு ஒரு அமைப்பு, இந்தக் கொடிகளைக் காசு வாங்காம குடும்பத்துக்கே திருப்பிக் கொடுத்துட்டு இருக்கு.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். அஞ்சு வருஷத்துல மூணு மடங்குன்னா வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 25% கூட்டு வட்டி. அதே 45,000-ஐ 7% வைப்பு நிதியில போட்டா சுமார் 63,000 வரும், அதுவும் கேட்ட அன்னைக்கே கைக்கு வரும். கொடிக்குத் தினசரி விலைப் பட்டியல் கிடையாது. நீங்க விக்கப் போற அன்னைக்கு வாங்குறவர் கேக்குற முதல் கேள்வி, "இது யார்கிட்ட இருந்து வந்துச்சு?" படைப் பதிவேடு, அந்தக் காலப் போட்டோ, குடும்பத்துக் கடிதம் எதுவும் இல்லேன்னா அசல் கொடிக்கும் துணி விலைதான் சொல்வாங்க. பாதுகாக்குற செலவு வேற. 1947 ஆகஸ்ட் 15 அன்னைக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில ஏத்தின பட்டுக் கொடியை அங்க அருங்காட்சியகத்துல மங்கலான வெளிச்சத்துல வெச்சிருக்காங்க, போய்ப் பாருங்க. அந்தப் பராமரிப்பை நம்ம வீட்டு பீரோ தருமா?

தம்பி விக்கிறவர்கிட்ட ஒரே ஒரு நூல் கேட்டிருக்கார். "நம்பிக்கை இல்லேன்னா விடுங்க"ன்னு பதில் வந்துச்சாம். அதுக்கப்புறம் அந்த நம்பர்ல போட்டோவே தெரியல. 3,000 போனது போனதுதான். 42,000-ஐ அவசரகால நிதியில போட்டுட்டார்.

உங்க வீட்டுப் பரண்ல நிஜமாவே பழைய கொடி, மெடல் ஏதாவது இருந்தா, துவைக்காம, மடிச்ச மடிப்பு மாறாம ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. தாத்தாவோட படை எண் தெரிஞ்சா அதையும் ஒரு பேப்பர்ல எழுதி கூடவே வெச்சுடுங்க.